பேர் பதிந்த பிள்ளை

புலெல்வா பெற்ற பிள்ளை என்று ஒன்றும் கிடையாது. இருந்தாலும் எங்கள் மாசேலே ஊருக்குள் வந்து இனாத்தியின் வீடு எது என்று கேட்டால், மேட்டில் இருக்கிற பச்சைச் சுண்ணாம்பு அடித்த அந்த வட்ட வீட்டைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். இனாத்தியைப் பெற்றவள் புலெல்வாவின் ஒரே தங்கை நண்டிபா. அவள் இருப்பது கேப்டவுனில். பிள்ளை இங்கே. பிள்ளைக்கென்று அரசாங்கம் மாதாமாதம் போடுகிற பணத்தை எடுக்கும் அட்டை மட்டும் தாயின் கையில், அங்கே. அந்த ஒரு கோணல்தான் இந்தக் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது.

புலெல்வாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பட்ட பாடு அப்படி. அவளை இடூட்சுவா பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறையாகப் பரிசத்துக்கு மாடு ஓட்டி வந்துதான் பெண் எடுத்தார்கள். வயிறு திறக்கவில்லை. மாமியார் முதலில் மருந்து கொடுத்துப் பார்த்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், கடைசியில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டாள். புலெல்வா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி வந்தாள். அப்படித் திரும்பி வருகிற பெண்ணுக்கு எங்கள் பக்கம் ஒரு பேர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் கிடையாது.

அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கையைப் படிக்க வைக்கப் புலெல்வா பள்ளிக்கூட வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து ரொட்டி உருண்டை பொரித்து விற்றாள். படிப்பு முடிகிற வருஷம் நண்டிபா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பையன் வீட்டில் போய்க் கேட்டதற்கு, எங்கள் பிள்ளை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, போகட்டும், பிள்ளை நம் வீட்டுப் பேரோடு வளரட்டும் என்று புலெல்வாதான் துணிந்தாள்.

பிறந்த பிள்ளையை மூதாதையருக்குக் காட்ட ஆடு வெட்ட வேண்டும். தகப்பன் வீடு செய்ய வேண்டியது. அவர்கள்தான் இல்லை என்றாகிவிட்டதே! புலெல்வா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓர் ஆடு வாங்கினாள். சித்தப்பா ஒருவரைப் பிடித்து வந்து மாட்டுத் தொழுவத்தில் நிறுத்தினாள். அவர் பிள்ளையைத் தூக்கி, இவள் இனாத்தி, உங்கள் பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களுக்குச் சொன்னார். அந்த ஆட்டுத்தோலைப் பதப்படுத்திப் பிள்ளைக்குப் படுக்கையாக்கினார்கள். இனாத்தி அன்றிலிருந்து அந்தத் தோலில்தான் தூங்கினாள், புலெல்வாவின் வயிற்றில் கால் போட்டுக்கொண்டு.

பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் நண்டிபா வேலை தேடிக் கேப்டவுன் பஸ் ஏறினாள். போகும்போது அட்டை அவள் ரவிக்கைக்குள் இருந்தது. யாரும் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. முதலில் மாதம் தவறாமல் பணம் அனுப்பினாள். பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம். அப்புறம் நின்றே போனது. போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். புலெல்வா அந்தக் குரலிடமே, "எங்கடி போனா என் தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது. இனாத்திக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு விசிலடித்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, காலுக்குச் சப்பாத்து இல்லை. உதிரிக் களியும் புளித்த பாலும் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, பால் நின்று களி மட்டும் மிஞ்சியது. பிள்ளைப் பணம் கைக்கு வரும் நாளில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் டாக்சி வேன் பிடித்துக் கென்டானி டவுன் கடைக்குப் போய் மூட்டை முடிச்சோடு திரும்புவார்கள். புலெல்வா அன்றைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்து வீட்டு மாம்பெலேக்கு மற்றவர் வீட்டு விஷயம் என்றால் மூக்கில் வியர்க்கும். அப்படி ஒரு நாளில் அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். போனை நீட்டினாள்.

"உன் தங்கச்சியைப் பாத்தியா? கேப்டவுன்ல இருக்கிற என் மருமக அனுப்பினா."

படத்தில் நண்டிபா. தலை நிறைய மெல்லிசு மெல்லிசாகப் பின்னல், நுனியில் செம்பட்டை நிறம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்கா," என்றாள் புலெல்வா.

"அழகா இருக்காளா? அடிப் பாவி, உனக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்கா? இந்தப் பின்னலுக்கு என்ன விலைன்னு தெரியுமா? உன் வீட்டுல பிள்ளை வெறுங்காலோட போகுது. அதோட பணத்தை அவ தலையில பின்னிக்கிட்டுத் திரியறா!"

"ஏதாவது கஷ்டமா இருக்கும், மாம்பெலே."

"கஷ்டப்படுறவ மூஞ்சியா இது? நல்லாப் பாரு. நீ இப்படியே வாயில கொழுக்கட்டை வச்சுக்கிட்டு உக்காந்திரு."

புலெல்வா பார்த்தாள். அன்று மாலை இனாத்தி, "பெரியம்மா, எல்லாரும் சப்பாத்து போட்டிருக்காங்க, எனக்கு எப்போ?" என்று கேட்டாள். புலெல்வா அன்று இரவு படுக்கவே இல்லை. கோபம் வராதவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

மறுநாள் கென்டானியில் பிள்ளைப் பணம் கொடுக்கிற அலுவலகத்தில் போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"பிள்ளை யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதாம்மா. நடக்கப் பழகின நாள்லேர்ந்து."

"அப்ப பணமும் உங்க பேருக்குத்தான் வரணும். பெத்தவ பிள்ளையைக் கைவிட்டுட்டான்னு சத்தியம் பண்ணி எழுதித் தரணும். ஊர்த்தலைவர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க."

கைவிட்டுவிட்டாள் என்ற சொல் புலெல்வாவுக்கு உறைத்தது. "கைவிடல, பணம் அனுப்பல, அவ்வளவுதான்," என்றாள்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. வேணுமா வேணாமா?"

வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. வீட்டுச் சண்டை எதுவானாலும் முதலில் வீட்டார் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு முன் தொழுவத்து வாசலில் நின்று செத்துப்போன பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அதில் தீராவிட்டால்தான் ஊர்த்தலைவர். அவரிடமும் தீராததுதான் வெளியே போகும். ஊர்த்தலைவர் நல்ல மனுஷன். புலெல்வா நீட்டிய காகிதத்தைக் கையில் எடுத்ததும் அதைத்தான் கேட்டார்.

"தங்கச்சிகிட்ட பேசினியா, தாயி?"

"பேசிட்டேன் ஐயா."

"என்ன சொன்னா?"

"அவளுக்கு அக்கறை இல்லைங்க ஐயா."

பச்சைப் பொய். போன் எடுக்காதவளிடம் எங்கே பேசுவது? கேப்டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கலாம், மாம்பெலேயின் மருமகள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கலாம். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. முத்திரை குத்தி வாங்கி, சத்தியமும் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் கடன் சொல்லி இனாத்திக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கினாள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டே தூங்கியது.

மாசம் திரும்பியது. ஒரு சாயங்காலம் கேப்டவுன் பஸ்ஸிலிருந்து நண்டிபா இறங்கி மேடு ஏறி வந்தாள். பின்னல் எல்லாம் அவிழ்ந்து போயிருந்தது. தலை ஒட்ட வெட்டியிருந்தாள். கன்னம் உள்ளே போய்விட்டது. முதுகில் துண்டு கட்டி, துண்டுக்குள் ஒரு பச்சைப் பிள்ளை.

புலெல்வா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

இனாத்தி ஓடி வந்து புலெல்வாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, இந்த அக்கா யாரு?"

நண்டிபாவின் காதில் அது விழுந்தது. அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடையில சாமானெல்லாம் பில் போட்டாச்சுக்கா," என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அட்டையை வச்சா ஒண்ணும் இல்லைங்குது. பால் மாவு டப்பாவை அந்தப் பொண்ணு என் கையிலேர்ந்து வாங்கித் திரும்ப எடுத்து வச்சா. பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஆபீஸ்ல போய்க் கேட்டா, உன் அக்காவே சத்தியம் பண்ணியிருக்கா, நீ பிள்ளையைக் கைவிட்டவன்னு படிச்சுக் காட்டினாங்க. உன் கையெழுத்துக்கா. எனக்குத் தெரியாதா உன் கையெழுத்து?"

"நீ போன் எடுக்கலையே! பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப யாருகிட்ட சொல்லுவேன்? நீ தலையைப் பின்னிக்கிட்டு..."

"எதைப் பின்னிக்கிட்டு?" நண்டிபா சிரித்தாள். "அது சலூன்காரி விளம்பரத்துக்குப் பின்னினதுக்கா. என் தலையைப் படம் எடுத்து வாசல்ல மாட்டிக்கிட்டா. கூலி நாளைக்குன்னா. அந்த நாளை இன்னும் வரல. போனை வித்துத் தின்னு நாளாச்சு."

"இது யாரு?" புலெல்வா பச்சைப் பிள்ளையைக் காட்டிக் கேட்டாள்.

"லுண்டி. உன் மகன்தான், வேற யாரு." எங்களிடையே தங்கை பிள்ளை தன் பிள்ளைதான். "ரெண்டாவதுக்கும் அப்பன் ஓடிட்டான். இதை உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? முதல் பிள்ளைக்கு ஆடு வாங்க நீ பட்டினி கிடந்தவ. குடிசையிலேயே பொறந்துட்டான். ஆஸ்பத்திரியில பொறக்காத பிள்ளைக்கு ஆயிரம் கேள்வி கேக்கறாங்க. சாட்சி கொண்டா, மருத்துவச்சியைக் கொண்டா. பேரே பதியல. பேர் பதியாத பிள்ளைக்குப் பணம் ஏது? இனாத்தி பணத்துலதான் இவனுக்குப் பால் வாங்கினேன்."

அன்று இரவு அக்காவும் தங்கையும் ஒரு தட்டில் சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

விடிந்ததும் நண்டிபா இனாத்திக்கு முகம் கழுவிவிட்டுச் சப்பாத்தை மாட்டினாள். துணிகளைப் பையில் திணித்தாள்.

"எங்க?" என்றாள் புலெல்வா.

"என்கூட வரட்டும்."

"நண்டிபா! நான் பண்ணினது தப்புதான். பணம் வேணாம். அட்டையை நீயே வச்சுக்க. நான் போய் வேண்டாம்னு சொல்லிடறேன். பிள்ளையை மட்டும் பிரிக்காத."

"இனிமே நீ வேண்டாம்னு சொன்னாலும் எனக்குத் தானா வராதுக்கா. ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டல்ல? பிள்ளை என்கூட இருந்தாத்தான் திரும்பத் தருவாங்களாம். வீட்டுக்கு வந்து பாப்பாங்களாம். அங்க ஸ்கூல்ல கேப்பாங்களாம். பிள்ளை இருக்கிற இடத்துலதான் பணம் இருக்கணும்னு நீதானே கேட்ட?"

"ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு நீ எப்படி வேலைக்குப் போவ?"

"ரெண்டு இல்ல," என்றாள் நண்டிபா. முதுகுத் துண்டை அவிழ்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த லுண்டியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "இவனை முதுகுல கட்டிக்கிட்டு நின்னா எந்தக் கடைக்காரியும் என்னை உள்ள விடமாட்டேங்கறா. இவளுக்கு அரசாங்கத்துல பேர் இருக்கு. இவ வரட்டும். பேர் இல்லாதவனை நீ வச்சுக்க."

வஞ்சம் தீர்க்கச் சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா, யாருக்குத் தெரியும்? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்த கையை எடுக்க அவளுக்கும் நேரம் ஆனது. பிள்ளையின் கன்னத்தை ஒரு முறை தடவிவிட்டு எழுந்தாள்.

"தொழுவத்துல நின்னு பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது கூட்டிட்டுப் போ," என்று கெஞ்சினாள் புலெல்வா. "ஆடு வெட்டிச் சேத்த பிள்ளைடி அது. திருடுன மாதிரி தூக்கிட்டுப் போகாத."

"நீ ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போன அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லிட்டா போன?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள்.

கீழே டாக்சி வேன் ஹாரன் அடித்தது. பெரிய வண்டியில் போகப்போகிறோம் என்று இனாத்திக்கு முதலில் ஒரே குதூகலம். பெரியம்மா வரவில்லை என்று பாதி மேடு இறங்கிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவள் போட்ட கூச்சல் ஊர் முழுக்கக் கேட்டது. புலெல்வா மடியில் பிள்ளையோடு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அன்று அழுத அழுகையை மாமியார் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றுகூட அழவில்லை.

ஆட்டுத்தோல் மூலையில் சுருட்டியபடி கிடந்தது. அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. லுண்டியை அதில் படுக்க வைக்கலாம் என்று விரித்தாள். மனசு கேட்கவில்லை. மறுபடி சுருட்டி வைத்துவிட்டுத் தன் கம்பளியில் போட்டாள்.

சில நாள் கழித்து அவள் போனுக்குச் செய்தி வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அடுத்த மாதம் முதல் இனாத்தியின் பணம் உங்கள் பேருக்கு வரும் என்று இருந்தது. மாம்பெலே கையில் லுண்டியை வைத்துக்கொண்டு அதைப் படித்துக் காட்டினாள். இப்போதெல்லாம் அவள்தான் தினமும் கொஞ்சம் பால் கொண்டுவந்து கொடுத்தாள். படம் காட்டிய பாவத்துக்குப் பரிகாரம் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் அதுதான்.

"வாங்கிக்க, புலெல்வா. வலிய வர்றதை எதுக்கு விடணும்? பால் மாவுக்கு ஆச்சு. நான் எத்தனை நாளைக்குக் குடுப்பேன், சொல்லு."

"அது இனாத்தி பணம்."

"இனாத்தி எங்க இருக்கா? இங்கேயா இருக்கா? இவன் இங்க இருக்கான், அழறான்."

புலெல்வா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையின் பேரில் வருவதை எடுத்து இன்னொரு பிள்ளையின் வாயில் ஊற்றுவது. நண்டிபா செய்தது இதைத்தானே? இதற்காகத்தானே, பிள்ளையைக் கைவிட்டவள் என்று தங்கையை எழுதிக் கொடுத்தோம்? இந்தப் பணம் தன் பேரில் இருக்கிறவரை நண்டிபாவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. சப்பாத்துக்காகத் தொடங்கியது, இப்போது இனாத்தி கேப்டவுன் குளிரில் பசியோடு படுக்கிறாள்.

லுண்டியை முதுகில் கட்டிக்கொண்டு கென்டானிக்குப் போனாள். அதே கண்ணாடி, அதே அம்மாள்.

"பிள்ளை என்கிட்ட இல்லம்மா. பணத்தை நிறுத்திடுங்க. தாய் பேருக்கே மாத்திக் குடுங்க."

அந்த அம்மாள் இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். "போன மாசம்தானே உங்ககிட்ட இருக்குன்னு சத்தியம் பண்ணினீங்க?"

"அப்ப இருந்தா."

"தாய் கைவிட்டுட்டான்னு எழுதியிருக்கீங்க."

"கைவிடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"நல்ல கூத்தா இருக்கே! நீங்க மாத்தி மாத்திச் சொன்னா நாங்க மாத்தி மாத்தி எழுதணுமா?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, காசு கிடைக்கலைன்னதும் பிள்ளையைத் துரத்திட்டா போல என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். புலெல்வா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். இனாத்தி என்ற பிள்ளை என் பராமரிப்பில் இல்லை, இனி அவளுக்காக நான் எதுவும் கோர மாட்டேன் என்று அதில் இருந்தது. புலெல்வா அதை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"முதுகுல யாரு?" என்று கேட்டாள் அந்த அம்மாள், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"என் பிள்ளை."

"பேர் பதிஞ்சாச்சா?"

"இல்ல."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பெத்தவளைக் கூட்டிட்டு வாங்க. அடுத்து யாரு?"

வெளியே படியில் உட்கார்ந்தபோது லுண்டி விழித்துக்கொண்டு வீறிட்டான். புட்டியில் மாம்பெலே கொடுத்த பால் கொஞ்சம் இருந்தது. துண்டை அவிழ்த்து அவனை முன்னால் கொண்டுவந்து மடியில் போட்டு, "அழாத, அழாத, வீட்டுக்குப் போயிடலாம், இனாத்தி," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை அந்தப் பேருக்கே அழுகையை நிறுத்தி, பாலைக் குடிக்க ஆரம்பித்தான்.